கார் மோதினால் பேசி முடிக்கலாமா?



சேமிப்பு, உள்கடன், வரவு செலவு, வங்கிக் கடன் என்று மாதா மாதம் பேசி வரும் நாம் இந்த மாதப் பாடத்துக்கு ரோட்டுக்கு வருகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. நம்மில் பலர் மொபெட்டிலும் ஸ்கூட்டியிலும் வியாபாரத்துக்குப் போகிறோம். குழுக் கூட்டம், வங்கி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாமே ரோட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. "லேசா ஒரு கார் இடிச்சிருச்சு, பேசி முடிச்சாச்சு" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

பேசி முடிப்பது தப்பா? இல்லை. எல்லாவற்றுக்கும் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைய நமக்கு நேரம் ஏது? ஆனால் எதைப் பேசி முடிக்கலாம், எதை முடிக்கக் கூடாது, எப்போது முடிக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பொருளுக்கு அடி பட்டால் பேசி முடிக்கலாம். உடம்புக்கு அடி பட்டால் அன்றைக்கே பேசி முடிக்கக் கூடாது.

இந்த இரண்டு வரி நினைவில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் இதன் விளக்கம்தான்.

கார்க்காரர் ஏன் அவசரப்படுகிறார்?

மோதிய உடனே காரிலிருந்து இறங்குகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: "எக்கா, போலீஸு, இன்சூரன்ஸுன்னு போனா உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல். இந்தாங்க ஆயிரம் ரூபா, வண்டிய பார்த்துக்குங்க." அவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நமக்கும் தெரிய வேண்டும்.

கார் இன்சூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, அவருடைய கார் சேதமானால் அவருக்குக் கிடைப்பது. இதை 'சொந்தச் சேதம்' என்கிறோம். இது விருப்பப்பட்டால் எடுப்பது. இன்னொன்று, அவருடைய கார் மோதி வேறு ஒருவருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் கிடைப்பது. இதுதான் 'மூன்றாம் நபர் காப்பீடு'. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி இது கட்டாயம். இது இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. கார் மோதி நாம் விழுந்தால் அந்த 'மூன்றாம் நபர்' நாம்தான்.

முதல் பகுதியில் ஒரு வருடம் முழுக்க எதுவும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருடப் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. இப்படியே தொடர்ந்தால் 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம் வரை போகும். இதைத்தான் 'நோ கிளைம் போனஸ்' என்கிறார்கள். இடையில் ஒரு தடவை கேட்டாலும் போனஸ் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் முன் பம்பர் உடைந்தது. பம்பர் 4,000 ரூபாய், கூலி 2,000 ரூபாய். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண பாலிசியில் தேய்மானமாகப் பாதியைக் கழித்துவிடுவார்கள். மீதி 2,000. கூலி 2,000 சேர்த்தால் 4,000. சின்னக் கார்களுக்கு முதல் 1,000 ரூபாயைக் கார்க்காரரே ஏற்க வேண்டும். ஆக அவர் கைக்கு வருவது 3,000. அவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், அடுத்த வருடம் 45 சதவீதக் கழிவு வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அவர் இழப்பது 3,600. மூவாயிரம் வாங்கப் போய் மூவாயிரத்து அறுநூறு நட்டம்! அதனால்தான் சின்னக் கீறலுக்கு யாரும் இன்சூரன்ஸுக்குப் போவதில்லை. இது நியாயமான கணக்குத்தான்.

ஆனால் கவனியுங்கள். இந்தப் போனஸ் அவருடைய சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்தான். நமக்குக் காயம்பட்டு, மூன்றாம் நபர் காப்பீட்டில் நாம் இழப்பீடு கேட்பதால் அந்தப் போனஸ் போகாது. "நீங்க கேஸ் போட்டா என் போனஸ் போயிரும்" என்று யாராவது சொன்னால், அது நம்மைத் தடுக்கும் காரணமாக இருக்கக் கூடாது.

எதைப் பேசி முடிக்கலாம்?

வண்டியில் கீறல், உடைந்த கண்ணாடி, வளைந்த ஹேண்டில்பார், கொட்டிப் போன சரக்கு. இவையெல்லாம் பொருள் சேதம். காரின் பாலிசியில் மூன்றாம் நபர் பொருள் சேதத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அதை வாங்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ரிப்பேருக்காக அங்கே நடையாய் நடப்பது கட்டுப்படியாகாது. ஆகவே இந்த அளவுச் சேதத்தைப் பேசி வாங்கிக்கொள்வதே நமக்கும் லாபம்.

ஆனால் அவர் நீட்டும் தொகையை அப்படியே வாங்கக் கூடாது. நாம் குழுவில் கணக்கு எழுதப் பழகியவர்கள். இங்கேயும் கணக்கு எழுதுவோம். பூ வியாபாரம் செய்யும் ஒரு உறுப்பினரின் மொபெட்டில் கார் இடித்தது, அவருக்கு அடி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஹெட்லைட், கண்ணாடி, ஹேண்டில்பார், மெக்கானிக் கூலி: 2,600 ரூபாய்
நசுங்கிப் போன பூ: 900 ரூபாய்
ஒர்க்ஷாப்புக்கு வண்டியை ஏற்றிப் போன லோடு ஆட்டோ: 300 ரூபாய்
வண்டி இல்லாமல் 2 நாள் வியாபாரம் போனது, நாளைக்கு 450 வீதம்: 900 ரூபாய்
மொத்தம்: 4,700 ரூபாய்

அவர் நீட்டியது ஆயிரம். உண்மை இழப்பு 4,700. கண்ணுக்குத் தெரிந்த கீறலை மட்டும் பார்த்தால் ஆயிரம் பெரிதாகத்தான் தெரியும். அதனால் ரோட்டோரத்தில் வைத்துத் தொகை பேசாதீர்கள். "மெக்கானிக்கிட்ட எஸ்டிமேட் வாங்கிட்டுப் பேசுறேன் சார், உங்க நம்பர் கொடுங்க" என்று சொன்னால் போதும். நியாயமானவர் ஒரு நாள் காத்திருப்பார்.

அங்கிருந்து கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை இவை: கார் நம்பர், ஓட்டியவர் பெயரும் போன் நம்பரும் (அங்கேயே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்), பார்த்தவர் ஒருவரின் போன் நம்பர், இரண்டு வண்டியும் நின்ற நிலையில் நாலு போட்டோ. போட்டோவில் கார் நம்பர் தெரிய வேண்டும். வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

நம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையோ லைசென்ஸையோ 'ஜாமீனாக' யாரிடமும் கொடுக்கக் கூடாது. அவருடையதை நாமும் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

உடம்புக்கு அடி பட்டால்?

இங்கேதான் நம் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். கீழே விழுந்ததும் முதலில் சேலையைச் சரி செய்கிறோம். சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறோம். "ஒண்ணும் இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறோம். பதற்றத்தில் வலி அப்போது தெரியாது. கழுத்து வலி, இடுப்பு வலி, முழங்கால் வீக்கம் எல்லாம் மறுநாள்தான் தலை காட்டும். தலையில் அடிபட்டவருக்குச் சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்துக்கூட வாந்தி, மயக்கம், தாங்க முடியாத தலைவலி, அளவு கடந்த தூக்கம் வரலாம். வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிப் பெண் விழுந்தால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடம்பின் கணக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். தெரியாத கணக்குக்கு இன்றைக்கே கையெழுத்துப் போடலாமா? கடன் எவ்வளவு என்று தெரியாமல் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

அதனால் அடிபட்டால் செய்ய வேண்டியது இது.

முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், கார் மோதியது." கார் நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். கூட வந்த கார்க்காரர், "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்கக்கா, செலவ நான் பார்த்துக்கிறேன்" என்பார். சொல்லவே கூடாது. மருத்துவமனையில் எழுதப்படும் அந்த விபத்துப் பதிவேடுதான் பின்னால் நமக்கு முதல் சாட்சி. அதில் 'தானாக விழுந்தார்' என்று ஒரு வரி ஏறிவிட்டால், பிறகு கார் மோதியது என்று நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். அந்தப் பதிவின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்கள், கேட்டு வாங்கி வையுங்கள். மருந்துச் சீட்டு, ஸ்கேன், எக்ஸ்ரே, பில் ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள்.

செலவுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி உண்டு. மருத்துவமனையில் சேரும்போதே இந்தத் திட்டங்களைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்தது காவல் நிலையம். ஒருவருக்கு அடிபட்டாலோ பொருள் சேதமானாலோ, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது கார் ஓட்டியவரின் கடமை என்று சட்டத்தின் பிரிவு 134 சொல்கிறது. காயம்பட்டவருக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவர் கடமையே. சின்னக் கீறலுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் காயம் என்று வந்தபிறகு 'போலீஸ் வேண்டாம்' என்று அவர் சொல்வது நமக்குச் செய்யும் உதவி அல்ல. அவர் தன் கடமையிலிருந்து நழுவுவதுதான் அது.

அவர் போகாவிட்டால் நாம் புகார் கொடுப்போம். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதோ முதல் தகவல் அறிக்கையின் நகலோ கேட்டு வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

பயத்துக்குப் பதில்

இதையெல்லாம் குழுவில் சொன்னால் உடனே சில கேள்விகள் வரும்.

"பொம்பளைங்க ஸ்டேஷன் படி ஏறலாமா?" ஏறலாம். தனியாகப் போக வேண்டாம், குழுவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிக்க வேண்டுமானால் அவர் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. விபத்தைப் பார்த்த நம் உறுப்பினர் இதைத் தெரிந்துகொண்டால் சாட்சி சொல்லத் தயங்க மாட்டார்.

"என்கிட்ட லைசென்ஸ் இல்லையே, கேஸ்னு போனா என்னையே மாட்டி விட்டுருவாங்களே?" இந்தப் பயத்தைக் காட்டித்தான் பலரை வாயடைக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தனித் தப்பு. அதற்கு அபராதம் உண்டு. ஆனால் மோதியது கார் என்றால், லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விபத்தில் நம் பங்கும் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2008-ல் உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. (அதற்காக லைசென்ஸ் எடுக்காமல் இருக்க வேண்டாம்!)

"நாலு நாள் ஆயிருச்சே, இனிமே புகார் எடுப்பாங்களா?" தாமதம் நல்லதல்ல. ஆனால் முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதை மட்டும் காரணமாக வைத்து இழப்பீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏன் தாமதமானது என்பதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் நாளைக் கடத்தாதீர்கள். 6 மாதம் தாண்டிவிட்டால் நாமே முடிவு கட்டாமல் வக்கீலைக் கேளுங்கள்.

"நான் வீட்டுலதானே இருக்கேன், எனக்கு என்ன வருமான இழப்பு?" சகோதரிகளே, இதை நன்றாகக் கேளுங்கள். சமைப்பது, தண்ணீர் எடுப்பது, பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் வேலைதான். 2001-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு தீ விபத்து வழக்கில் இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2021 ஜனவரியில் ஒரு சாலை விபத்து வழக்கிலும் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புக் கணக்கிடுவதை வலியுறுத்தியது. கை ஒடிந்து ஒன்றரை மாதம் அடுப்படிப் பக்கம் போக முடியவில்லை என்றால் அது இழப்பு. அதை நாமே 'ஒன்றுமில்லை' என்று சொல்லலாமா?

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசு?" பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12 இதைத் தருகிறது. மாவட்ட நீதிமன்றத்திலும் தாலுகா நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

காயம் என்றால் பேசி முடிக்கவே கூடாதா? அப்படி இல்லை. சிகிச்சை முடியட்டும். மருத்துவர் 'சரியாகிவிட்டது' என்று சொல்லட்டும். பில்களைக் கூட்டிப் பார்ப்போம். அப்புறம் மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிக்கலாம். அதுவும் சமாதானம்தான். ஆனால் நீதிபதி முன்னால், எழுத்தில், நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாக முடியும். செலவும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கார்க்காரர் பணம் கொடுத்துவிட்டார் என்பதற்காகக் காவல் நிலையத்தில் பதிவான வழக்குத் தானாக முடிந்துவிடாது. கவனமின்றி வேகமாக ஓட்டிய குற்றம் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 281) இரு தரப்பும் தங்களுக்குள் சமரசம் செய்து முடிக்கும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. எனவே "கேஸ வாபஸ் வாங்குறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கும் பேச்சுக்கே போகாதீர்கள்.

எழுதி வாங்குவது எப்படி?

பொருள் சேதத்தைப் பேசி முடிக்கும்போதும் வாய்ப் பேச்சு வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள் போதும். கீழே ஒரு மாதிரி கொடுத்திருக்கிறோம். வெட்டி எடுத்துக் குழுத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.

"தேதி ....... நேரம் ....... இடம் .......
....... ஊரில் வசிக்கும் ....... ஆகிய நான் ஓட்டி வந்த ....... எண்ணுள்ள கார், மேற்படி நேரத்தில் ....... அவர்களின் ....... எண்ணுள்ள வண்டி மீது மோதியது. வண்டி ரிப்பேர், சேதமான சரக்கு, வண்டி இல்லாததால் ஏற்பட்ட வியாபார இழப்பு ஆகியவற்றுக்காக ரூபாய் ....... (எழுத்தால் .......) இன்று கொடுத்துவிட்டேன். இத்தொகை பொருள் சேதத்துக்கு மட்டுமே. உடல் காயம், சிகிச்சைச் செலவு, காயத்தால் வரும் வேலை இழப்பு ஆகியவை இதில் சேராது.
இரு தரப்புக் கையெழுத்து. சாட்சிகள் 2 பேர் கையெழுத்து."

கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். அவற்றைச் சேர்க்க அவர் மறுத்தால், அந்தப் பணத்தை அன்றைக்கு வாங்காதீர்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை', 'முழுத் திருப்தி' என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் படிக்கத் தெரிந்தவர் வரும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பணத்தைப் போன் வழியாக அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. 'வண்டி ரிப்பேருக்கு' என்று குறிப்பும் போடச் சொல்லுங்கள். தேதியோடு ஆதாரம் நிற்கும்.

பாதித் தொகை இன்று, மீதி அடுத்த வாரம் என்றால், அந்த அடுத்த வாரத் தேதியும் தாளில் ஏற வேண்டும். குழுக் கடனில் தவணைத் தேதி எழுதாமல் விடுவோமா?

தப்பு நம் பக்கம் இருந்தால்?

நியாயம் இரண்டு பக்கமும் பேச வேண்டும். நம் வீட்டு ஆட்டோவோ, மகன் ஓட்டிய பைக்கோ இன்னொருவர் மீது மோதலாம். அப்போதும் இதே விதிதான். அடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டு போவோம். 'நூறு இருநூறு கொடுத்து அனுப்பிவிடலாம்' என்று நாமும் நினைக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் இருந்தால், கம்பெனியைக் கேட்காமல் "எல்லாச் செலவும் நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கவும் கூடாது. பாலிசியின் நிபந்தனையிலேயே, கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது என்று இருக்கும். பின்னால் பெரிய இழப்பீடு வந்தால் அந்தத் தாளைக் காட்டிக் கம்பெனி தகராறு செய்யும். ஆகவே காயம் என்றால் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இன்சூரன்ஸே இல்லை என்றால்? தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில் விழும். குழுக் கடனில் வாங்கிய வண்டி நம் பேரில்தான் இருக்கும்! 2022 ஜூனில் அமலான கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 714 ரூபாயும் வரியும்தான். நாளைக்கு இரண்டு ரூபாய் சொச்சம். அதைக் கட்டாமல் விட்டுப் பிடிபட்டால் முதல் தடவை அபராதமே 2,000 ரூபாய். 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நடந்தால், பெற்றவருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சட்டத்தில் உண்டு. செல்லம் கொடுப்பதற்கும் ஓர் அளவு வேண்டும்.

குழு என்ன செய்ய வேண்டும்?

இப்போது ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இவ்வளவும் தெரிந்த பெண்கூட ஏன் ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்? அன்றைக்கு ராத்திரி ஸ்கேன் எடுக்கக் கையில் காசு இல்லை. எதிரில் நிற்பவர் பணத்தை நீட்டுகிறார். விஷயம் அவ்வளவுதான். சட்டம் தெரியாததைவிட, கையில் பணம் இல்லாததுதான் நம்மை அவசரக் கையெழுத்துக்குத் தள்ளுகிறது.

கந்து வட்டிக்காரரிடம் போகாமல் இருக்கத்தான் நாம் குழு ஆரம்பித்தோம். அதே காரணம் இங்கேயும் பொருந்தும். உறுப்பினருக்கு விபத்து என்றால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் தலைவியும் இரண்டு பிரதிநிதிகளும் சேர்ந்து அன்றைக்கே அவசரக் கடன் கொடுக்க வழி இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு வரை, எத்தனை தவணை, வட்டி உண்டா இல்லையா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். கையில் ஐயாயிரம் இருந்தால் அந்தச் சகோதரி நிமிர்ந்து நின்று, "சிகிச்சை முடியட்டும் சார், அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்வார்.

அதோடு ஒவ்வொரு குழுவும் இந்த மாதம் செய்து முடிக்க வேண்டியவை:

1. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களின் பட்டியல் எடுத்து, இன்சூரன்ஸ் முடியும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முடிய 15 நாள் இருக்கும்போது கூட்டத்தில் நினைவுபடுத்துங்கள்.

2. விபத்து என்றால் உடனே கூப்பிட வேண்டிய இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் மருத்துவமனைக்குக் கூடப் போக, ஒருவர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள.

3. 108, 112, 15100 ஆகிய எண்களையும், உள்ளூர்க் காவல் நிலைய எண்ணையும் கூட்டம் நடக்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

4. மேலே உள்ள மாதிரிச் சீட்டை எல்லோருக்கும் ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

அ. நம் குழுவில் யாராவது விபத்தைப் பேசி முடித்திருக்கிறார்களா? கிடைத்த தொகையும் ஆன செலவும் எவ்வளவு? மேலே போட்டதுபோல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆ. கார் இடித்து விழுந்த ஒருவருக்குக் காயம் ஒன்றும் தெரியவில்லை. 2,000 ரூபாய் கொடுத்து 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கேட்கிறார்கள். அவர் என்ன பதில் சொல்ல வேண்டும்? இரண்டு பேர் எழுந்து நடித்துக் காட்டுங்கள்.

இ. அவசரக் கடனுக்கு நம் குழு எவ்வளவு ஒதுக்கலாம்?

சண்டை போட வேண்டும் என்பதல்ல இந்தப் பாடம். பேசி முடிப்பது நல்ல பழக்கம்தான். கணக்குத் தெரிந்த பிறகு, எழுத்தில், பக்கத்தில் நாலு பேர் இருக்கப் பேசி முடிப்போம். உங்கள் குழு எடுத்த தீர்மானத்தை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள்.